இரவு நேரக் கடும் நெஞ்செரிச்சல்: என்ன செய்வது, எந்த நேரத்தில் செய்வது

கேள்வி கேட்டவர் கடலூர் முதுநகரில் மளிகைக் கடை நடத்துபவர். வயது 44, எடை 86 கிலோ. இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டி, பத்தரைக்கு வீட்டில் மீன் குழம்புச் சோறோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் படுத்தால், ஒரு மணி வாக்கில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை எரிகிறது, புளித்த நீர் வாய்க்கு ஏறுகிறது, விடியும் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்கிறார். ஒரு வருடமாகக் காலை டிபனுக்குப் பிறகு பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை, எரிச்சல் வந்தால் ஈனோ, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஆகியவை அவர் எடுத்துக்கொள்பவை. இது இதயக் கோளாறாக இருக்குமா, மாத்திரை ஏன் கேட்கவில்லை, எண்டோஸ்கோப்பி எடுக்க வேண்டுமா, வயிற்றில் புற்றாக இருக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

ஐயா, நான் புதுச்சேரியில் மருந்தாளுநராக இருப்பவன். நோயைப் பரிசோதித்து உறுதி செய்வது மருத்துவரின் வேலை; ஆனால் எந்த மருந்து எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பதை என்னால் விளக்க முடியும். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களிடம் மருந்துக்குக் குறைவில்லை. சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம், மாத்திரை விழுங்கும் நேரம் மூன்றும் தவறான இடத்தில் நிற்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் இன்னும் வலுவான மாத்திரைக்குப் போவதில் பெரிய பயன் இருக்காது.

அதற்கு முன்பாக இதயத்தைப் பற்றிய கேள்வியை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சாப்பிட்ட பின்போ, படுத்தாலோ, குனிந்தாலோ கூடி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்து, புளித்த நீரோடு வரும் எரிச்சல் பெரும்பாலும் அமில எதுக்களிப்புதான், அதாவது இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலே ஏறி வருவதுதான். அரிசிச் சிப்பத்தைத் தூக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சை அழுத்திப் பிடிப்பது போல வந்து, நின்றால் குறைவதும், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவதும், உடன் வியர்த்துக் கொட்டுவதும், மூச்சு முட்டுவதும் இதயத்தின் அறிகுறிகள். இந்தப் பிரிவு புத்தகத்தில் இருக்கும் அளவுக்குத் தெளிவாக நேரில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்படும் மாரடைப்பு, வெறும் மேல்வயிற்று எரிச்சலும் குமட்டலுமாகவே தோன்றக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரும். ஈனோ குடித்ததும் ஏப்பம் வந்து குறைந்தது என்பதை வைத்து இது கேஸ்தான் என்று முடிவு செய்துவிட முடியாது. உங்கள் வயது, எடை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வியர்வையோடு கூடிய புதிய நெஞ்சு வலி வந்தால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ, உங்களுக்கு எது விரைவில் எட்டுமோ அங்கே போய்ச் சேருவதுதான் முக்கியம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை வைத்துக் கொடுக்கும் திட்டம் 2023-இல் தொடங்கப்பட்டிருக்கிறது.

ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டியது அது. இரைப்பை உணவால் விரிந்திருக்கும்போது, நாம் எதையும் விழுங்காமலேயே அந்தத் தசை சில நொடிகள் தளர்ந்து திறக்கிறது. உள்ளே இருக்கும் காற்று ஏப்பமாக வெளியேறுவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அந்த இடைவெளியில் காற்றோடு அமிலமும் ஏறிவிடுகிறது. சாப்பிட்டு முடித்த பிறகு, குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போல, புதிதாகச் சுரந்த அமிலத்தின் ஓர் அடுக்கு உணவின் மேல்பகுதியில், சுருக்குத்தசைக்குச் சற்றுக் கீழே தேங்குகிறது. எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவு என்றால் இரைப்பை காலியாக நான்கு மணி நேரம்கூட ஆகலாம். நீங்கள் சாப்பிட்ட அரை மணியில் படுத்துவிடுகிறீர்கள். அமிலத்தைக் கீழே வைத்திருக்க உதவும் புவியீர்ப்பு அந்த நிமிடமே கையை விட்டுப் போய்விடுகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் விழுங்குவதும் மிகக் குறைந்துவிடுவதால், ஏறிய அமிலத்தைக் கழுவிக் கீழே இறக்குவதற்கும் எதுவும் இல்லை. பகலில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் எரிச்சல் இரவில் இப்படித்தான் மணிக்கணக்காக நீள்கிறது.

இதோடு வயிற்றுப் பகுதியில் சேர்ந்த கொழுப்பு இரைப்பையைக் கீழிருந்து நெருக்குகிறது. இரைப்பையின் மேல்நுனி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் துளை வழியாக மேலே நழுவியிருந்தால் சுருக்குத்தசை இன்னும் பலவீனமாகிவிடும். வேட்டி அவிழாமல் இருக்க மேலே இறுக்கிப் போடும் அகலமான பெல்ட்டும் இதே நெருக்குதலைத்தான் செய்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இனி இரவு ஒரு மணிக்கு எரிச்சலோடு எழுந்தால் என்ன செய்வது. முதலில் எழுந்து உட்காருங்கள் அல்லது மெதுவாக நடங்கள். நான்கைந்து மிடறு சாதாரணத் தண்ணீர் குடியுங்கள், ஒரு செம்பு நிறைய வேண்டாம். அதன் பிறகு ஜெலுசில், டைஜீன் போன்ற அமிலமுறி மருந்தில் 10 மில்லி குடிக்கலாம், அல்லது மாத்திரையாக இருந்தால் நன்றாக மென்று விழுங்கலாம்; மெல்லாமல் விழுங்கினால் பாதிப் பயன்தான். இவை சில நிமிடங்களில் வேலை செய்யும், ஆனால் வெறும் வயிற்றில் அரை மணி, முக்கால் மணிக்கு மேல் நிற்பதில்லை. உங்களைப் போல எதுக்களிப்பு முக்கியமாக இருப்பவர்களுக்கு ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து இன்னும் பொருத்தமானது. காவிஸ்கான் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் இரைப்பையில் உள்ள அமிலத்தைத் தொட்டதும் நுரைத்த ஒரு பாகுப் படலமாகி, நான் மேலே சொன்ன அமில அடுக்கின் மீதே போய் மூடிக்கொள்கிறது. அதனால் அதைச் சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கப்போகும் முன்னும் குடிக்க வேண்டும். குடித்தபின் வேறு எதையும் சாப்பிடக் கூடாது. இதில் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய சோடியம் கொஞ்சம் உண்டு என்பதால், தினமும் எடுப்பதாக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஈனோவை நீங்கள் விட்டுவிடுவது நல்லது. ஒரு பொட்டலத்தில் இரண்டு கிராமுக்கு மேல் சோடா உப்பு இருக்கிறது; இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அடிக்கடி அதைக் குடிப்பது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குவதுதான். அது கிளப்பும் வாயு இரைப்பையை மேலும் விரித்து, ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே தள்ளுகிறது. ஏப்பம் வந்ததும் கிடைக்கும் நிம்மதி உண்மைதான். அடுத்த அரை மணியில் திரும்பும் எரிச்சலும் உண்மைதான். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்குவதற்கும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கோலி சோடா குடிப்பதற்கும் இதே பதில்தான்.

வீட்டு வைத்தியத்தை நான் இளக்காரமாகப் பார்ப்பவன் அல்லன். வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் உங்களுக்கு இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள், தீங்கில்லை. குளிர்ந்த பால் முதலில் எரிச்சலை அடக்கும், ஆனால் அதில் உள்ள கால்சியமும் புரதமும் சிறிது நேரத்தில் அமிலச் சுரப்பைத் தூண்டுவதால் நடு இரவில் அதை நம்ப வேண்டாம். புதினா அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியது. வயிற்று உப்புசத்துக்கு நல்லதாகத் தோன்றும் புதினாத் தண்ணீர் நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடலாம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலத்தை மாற்றிவிடும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பிப் புண்ணான உணவுக்குழாயில் மேலும் அமிலத்தை ஊற்றாதீர்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். என் கடையில் பான்டோபிரசோல் வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை நீங்கள் செய்வது போலவே டிபனுக்குப் பிறகோ, எரியும்போதோ விழுங்குகிறார்கள். அந்த மாத்திரை இரைப்பைக்குள் கரைந்து நேரடியாக வேலை செய்வதில்லை. அமிலத்தால் சிதையாமல் இருக்க மேற்பூச்சோடு குடலுக்குச் சென்று, இரத்தத்தில் கலந்து, அங்கிருந்து இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களைப் போய்ச் சேர்கிறது. அந்தச் செல்களில் உள்ள அமிலப் பம்புகள் உணவு வரும்போதுதான் முழுமூச்சாக இயங்கத் தொடங்கும். இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இந்த மருந்தால் பூட்ட முடியும். இரத்தத்தில் அது தங்கியிருப்பதோ சில மணி நேரம்தான். ஆகவே உணவு வரும் வேளையில் மருந்து ஏற்கெனவே இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும், அதாவது சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்கியிருக்க வேண்டும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. முழுப் பயன் தெரிய மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும் என்பதால், நடு இரவில் எரியும்போது ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்வது வீண். உங்களுக்குத் தொல்லை இரவில்தான் என்றால், நாளுக்கு ஒன்று என்ற அந்த மாத்திரையைக் காலையிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றமே வித்தியாசத்தைக் காட்டுகிறது.

உங்கள் மாத்திரையில் சேர்ந்திருக்கும் டோம்பெரிடோனையும் கவனிக்க வேண்டும். அது குமட்டலுக்கும் இரைப்பை மெதுவாகக் காலியாவதற்கும் கொடுக்கப்படும் மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் அதை நாளுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், சில நாட்களுக்கு மட்டும் தருமாறு வரையறுத்தது. நம் ஊரிலோ வருடக்கணக்காக அதைச் சீட்டில்லாமல் அட்டை அட்டையாக வாங்கிச் செல்கிறார்கள். எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேரும்போது ஆபத்து கூடுகிறது. குமட்டல் இல்லாத உங்களுக்குத் தனி பான்டோபிரசோலே போதுமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகங்களில் அது மிக மலிவாகவே கிடைக்கிறது. வீட்டில் ரானிடிடின் என்ற பழைய அமிலக் குறைப்பு மாத்திரைகள் கிடந்தால் எறிந்துவிடலாம். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு மாசு கண்டறியப்பட்டதால் அமெரிக்கா 2020-இல் அதை விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-இல் அது நீக்கப்பட்டது. அந்த வகையில் இப்போது பயன்படுவது ஃபாமோடிடின்.

நேரத்தைப் பற்றிய என் முக்கியமான யோசனை இது. கடையைப் பத்து மணிக்குத்தான் பூட்ட முடியும் என்றால், சாப்பாடு கடைக்கு வரட்டும். ஏழு மணிக்கு மாத்திரை, ஏழே முக்காலுக்கு வீட்டிலிருந்து வரும் டிபன் கேரியரில் நான்கு இட்லியோ, இடியாப்பமோ, ரசம் சோறோ. பத்தரைக்கு வீடு திரும்பியதும் சாப்பிட எதுவும் வேண்டாம், பதினோரு மணிக்குப் படுக்கை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் கிடைத்துவிடும். இதைச் சொல்லும்போது வியாபாரிகள் சிரிப்பார்கள், ஏழிலிருந்து ஒன்பது வரைதானே கூட்டம் என்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பத்து நிமிடத்துக்கு ஓர் ஆளை நிறுத்துவது, விடிய விடிய உட்கார்ந்திருப்பதைவிட எளிது என்பது என் எண்ணம். நெய்வேலியில் ஷிப்டு முடிந்து வருபவர்களுக்கும் சிப்காட் தொழிலாளர்களுக்கும் இதே கணக்குதான்: கடிகாரம் என்ன காட்டினாலும் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி.

மீன் குழம்பை நீங்கள் விட வேண்டியதில்லை, அதை மதியத்துக்கு மாற்றுங்கள். மீனில் குற்றமில்லை, புளி, மிளகாய், மேலே மிதக்கும் நல்லெண்ணெய், அந்தக் குழம்புக்காகக் கூடுதலாக இறங்கும் சோறு ஆகியவை சேர்ந்துதான் தொல்லை தருகின்றன. மிளகாயின் காரம், அமிலத்தால் ஏற்கெனவே புண்பட்ட இடத்தின் நரம்புகளை மேலும் கூச வைக்கிறது. பரோட்டாவும் சால்னாவும் இரவுக்கு மிக மோசமான சேர்க்கை. பலாப்பழத்தில் தனிப்பட்ட கெடுதல் எதுவும் இல்லை, ஆனால் பண்ருட்டிப் பலாவை நம்மில் யாரும் நான்கு சுளையோடு நிறுத்துவதில்லையே! எல்லாருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. எது சாப்பிட்ட இரவில் எரிந்தது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால் உங்களுக்குரிய பட்டியல் கிடைத்துவிடும், மற்றவற்றை வீணாகத் துறக்க வேண்டாம். மதுவைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தூரம் அதிகமில்லை என்பதால் நானாகச் சொல்கிறேன்: மதுவும் புகையும் சுருக்குத்தசையைத் தளர்த்துபவை, இரண்டும் சேரும் இரவில் எந்த மாத்திரையும் முழுதாகக் கைகொடுக்காது.

படுக்கையில் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் உடல் இடுப்பில் மடிந்து வயிற்றை அழுத்துமே தவிரப் பயனில்லை. கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டையும் உயர்த்த வேண்டும். ஒரு செங்கல் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கனம் இருக்கும், காலுக்கு இரண்டு அடுக்கினால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். நழுவாமல் இருக்கச் செங்கல்லுக்கும் கட்டில் காலுக்கும் இடையே பழைய ரப்பர் செருப்பின் ஒரு துண்டை வையுங்கள். பாயில் படுப்பவர்களுக்குத் இடுப்புக்கு மேலிருந்து தலை வரை தாங்கும் சாய்வான ஃபோம் திண்டு கிடைக்கிறது. இடதுபக்கமாகப் படுப்பது நல்லது, ஏனெனில் அந்த நிலையில் இரைப்பையின் பை கீழேயும் உணவுக்குழாயின் வாய் மேலேயும் அமைகின்றன. வலதுபக்கம் படுத்தால் இது தலைகீழாகிறது.

உங்கள் மற்ற மாத்திரைகளில் அம்லோடிபின் மென்தசைகளைத் தளர்த்தும் வகையைச் சேர்ந்தது, சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டும். அதை நீங்களாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறும், ஆகவே மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். முழங்காலுக்கு வாங்கும் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவற்றை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள் என்று துணிந்து சொல்வேன். அவை இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குவதோடு இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. வலி பொறுக்க முடியாதபோது, கல்லீரல் கோளாறு இல்லையென்றால், பாராசிட்டமால் எடுக்கலாம். எடை நான்கைந்து கிலோ குறைந்தாலே முழங்காலும் நெஞ்சும் சேர்ந்து இலகுவாகும். அமிலமுறி மருந்து குடித்தால் இரும்புச்சத்து, டாக்சிசைக்கிளின் மாத்திரைகளுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்குக் குறைந்தது நான்கு மணி நேரமும் இடைவெளி விட வேண்டும் என்பதையும், மழைக்காலக் காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்சிசைக்கிளினைப் படுக்கும் முன் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

எண்டோஸ்கோப்பியைப் பொறுத்தவரை, விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, தார் போலக் கருப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் எடுக்க வேண்டும். 60 வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கும் எரிச்சலுக்கும் அப்படியே. இவை எதுவும் இல்லாத நிலையில், சரியான நேரத்தில் எடுத்த மாத்திரையோடு எட்டு வாரம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்வதே வழக்கம். எரிச்சலோடு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குழாய் விட்டுப் பார்த்தால் உணவுக்குழாயில் புண் எதுவும் தெரிவதில்லை. அப்போது 24 மணி நேர அமில அளவுப் பரிசோதனை உண்மையைக் காட்டும், சிலருக்கு அமிலம் சாதாரண அளவில் இருந்தும் நரம்புகளே மிகையாக உணர்வதும் உண்டு. பல ஆண்டுகள் நீடித்த எதுக்களிப்பால் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தோல் மாறி, அதில் மிகச் சிலருக்குப் புற்று உருவாகிறது. புகை, வயிற்றுப் பருமன், 50-ஐக் கடந்த ஆண்கள் என்ற வரிசையில் அந்த ஆபத்து கூடுகிறது. இந்த நிலையில் உங்களுக்குப் புற்றைப் பற்றிய பயம் தேவையில்லை, அலட்சியமும் தேவையில்லை. வயிற்றுக் கிருமிதான் காரணம் என்று யாராவது சொன்னால், ஹெலிகோபேக்டர் கிருமி இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்குப் பெரிய காரணம், எதுக்களிப்புக்கு அது காரணமன்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எட்டு வாரத்தில் நன்றாகத் தூங்கத் தொடங்கிவிட்டால் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பூட்டிவைத்த பம்புகள் விடுபட்டதும் சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும்; அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிப் பலர் ஆயுளுக்கும் மாத்திரையைத் தொடர்கிறார்கள். மருத்துவரின் யோசனையோடு 40 மில்லிகிராமை 20 ஆக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து, இடையில் எரிந்தால் ஆல்ஜினேட்டால் சமாளித்து இறங்க வேண்டும். எண்டோஸ்கோப்பியில் கடுமையான புண்ணோ தோல் மாற்றமோ கண்டவர்களும், இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களும் இந்த அமில மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் பி12, மெக்னீசியம் அளவுகளை எப்போதாவது பார்த்துக்கொள்வது போதும்.

எட்டு வாரம் கழித்தும் இரவில் உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்றால் குடல் இரைப்பை நிபுணரைப் பாருங்கள். புதிய வகை அமிலத் தடுப்பு மருந்துகளும், சுருக்குத்தசையை இறுக்கும் துளைவழி அறுவை சிகிச்சையும் தகுந்தவர்களுக்கு உண்டு. போகும்போது ஈசிஜி தாளோடு, நீங்கள் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும், வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கடைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் இரண்டு வாரம் குறித்த குறிப்பும் அதில் இருக்கட்டும்.